அலமேலம்மாளின் நகைகளும் பொன்னாச்சியின் கண்களும்

காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்துகொள்ளும் தீவில் இருக்கிறது ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூருக்குப் போகிற தமிழர்கள் வழியில் இறங்கி, திப்புவின் கோட்டையையும் 1799 மே 4ஆம் தேதி அவர் விழுந்த இடத்தையும் பார்ப்பார்கள். ஆதிரங்கன் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். தாயார் சந்நிதியைச் சுற்றி வழங்கும் கதை அவர்கள் காதில் விழுவதில்லை. விஜயநகரத்தின் பிரதிநிதியாக அங்கே ஆண்டவன் திருமலராயன். ஊர் வழக்கில் ஸ்ரீரங்கராயன். அவன் நோய்வாய்ப்பட்டுத் தலக்காட்டு வைத்தியேசுவரரைத் தேடிப் போகிறான். 1610இல் பட்டணம் மைசூர் ராஜ உடையாரின் கைக்கு வருகிறது. ராயன் மனைவி அலமேலம்மாளிடம் விலைமதிப்பில்லாத நகைகள் இருந்தன. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அவை ரங்கநாயகித் தாயாருக்குச் சாத்தப்படும். மற்ற நாட்களில் அவள் வசம் இருக்கும். தாயாருக்குச் சாத்துகிற நகை கோயிலுக்கே சேரவேண்டும் என்று கேட்டு உடையாரிடமிருந்து ஆள் வந்தது. முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்தனுப்பினாள். மேலும் ஆட்கள் துரத்தி வரவே, மிச்ச நகைகளோடு மாலங்கி என்ற ஊரருகே காவிரியில் குதித்தாள். தலக்காடு மணலாகவும், மாலங்கி மடுவாகவும், மைசூர் அரசர்கள் பிள்ளையில்லாமல் போகவும் அவள் சபித்ததாகச் சொல்கிறார்கள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் மைசூர் அரண்மனையில் அலமேலம்மாளின் உருவத்துக்கு இன்றும் பூஜை உண்டு. துரத்தியவர்களின் வம்சம் துரத்தப்பட்டவளை வணங்குகிறது.

இந்தக் கதையில் நான் கவனிக்க விரும்புவது, அதில் இல்லாத ஒன்றை. அலமேலம்மாள் அழகியா, சிவப்பா, கறுப்பா, ஒல்லியா, பருமனா என்று யாரும் சொல்வதில்லை. நகைகளைப் பற்றிய கதை அது. ஆனாலும் அணிந்தவளின் முகம் அதில் வர்ணிக்கப்படவே இல்லை. ஒரே நகை இரண்டு மேனிகளில் ஏறுகிறது. ஒன்று தெய்வத்தின் மேனி, மற்றது ஒரு மானுடப் பெண்ணின் மேனி. நகை யாருடையது என்ற கேள்வி மெல்ல நகர்ந்து, அந்த உடம்பு யாருடையது என்ற கேள்வியாகிவிடுகிறது. இன்றைக்குப் பதினைந்து, இருபது வயதில் இருக்கும் பெண்பிள்ளைகளின் அழகைப் பற்றிப் பேசும்போது நாம் தவிர்த்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். எது அழகு என்று விவாதிக்கிறோம். கறுப்பும் அழகு, பருமனும் அழகு என்று நல்ல மனத்தோடு சொல்கிறோம். 2009இல் சென்னையிலிருந்து தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் அப்படிச் சொன்னது. அதனால் நன்மையும் விளைந்தது. ஆனால் அழகின் எல்லையை எவ்வளவு விரித்தாலும் மதிப்பெண் போடுகிறவர் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு என்ன உரிமை என்பதைக் கேட்க வேண்டும். இது சமயத் தத்துவத்தின் கேள்வி. நம்மிடம் அதற்கு மிகக் கூர்மையான விடை ஒன்று இருக்கிறது. அது உருவான மரபே அதை இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

கேள்வி ஏன் அவசரமானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 45 ஆண்டுகள் கழித்து, 2020இல், பெயரிலிருந்து வெள்ளையை எடுத்துவிட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஷாதி டாட் காம் தன் தளத்தில் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, நீக்கியது. பெயரும் வசதியும் போயின. ‘பொண்ணு நல்ல கலரா?’ என்ற விசாரிப்பு போகவில்லை. 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் மருத்துவர்கள் ஒரு வகைச் சிறுநீரக நோயைக் கண்டார்கள். அப்படி வந்த 22 பேரில் 15 பேரிடம் ஓர் அரிய அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் களிம்பு பூசியவர்கள். பாதரசம் கலந்த களிம்பு தோல் வழியாகச் சிறுநீரகத்துக்குப் போகிறது. 2022 மே மாதம் பெங்களூரில், கொழுப்பு நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் போன 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை வீடு திரும்பவில்லை. 2025 மார்ச்சில் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி, பருமனாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்தே இறந்துபோனாள். 2021இல் வெளியே கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் சொந்த ஆய்வு, தங்கள் உடம்பைப் பற்றி மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அந்த நோவைக் கூட்டியதாகச் சொன்னதைக் குறித்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று அழுகிற பிள்ளையிடம் ‘நீயும் அழகுதான்’ என்று சொன்னால் தீர்கிற விஷயமில்லை இது.

நம் பக்தி மரபு இளம்பெண்ணின் அழகு குறித்து என்ன சொல்லியிருக்கிறது என்று தேடினால் முதலில் கண்ணில் படுகிறவர்கள் அழகைத் துறந்தவர்கள். காரைக்கால் அம்மையாரான புனிதவதியைக் கணவன் தெய்வமென்று அஞ்சி விட்டுப் போன பிறகு, இனி யாருக்காக இந்தத் தசையின் வனப்பு என்று அவர் அதை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். ஒளவை கல்யாணப் பேச்சு எழுந்தபோது பிள்ளையாரிடம் கிழவியாகும்படி வரம் கேட்டார் என்பது ஊர்க்கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டில் அக்கமகாதேவி, தன்னை அடைய நினைத்த அரசனை விட்டு ஆடையையும் விட்டு, கூந்தலே போர்வையாக நடந்தார். மூவரையும் நாம் துறவின் சிகரங்களாகப் போற்றுகிறோம். போற்றத் தகுந்தவர்களே. ஆனால் ஒரு விஷயத்தை நேராகப் பார்க்க வேண்டும். நாயன்மார் அறுபத்து மூவரில் ஆண்கள் எத்தனை பேர் தெருவில் நடக்கவும் பாடவும் கோயிலுக்குப் போகவும் முதலில் தங்கள் இளமையை ஒப்படைக்க வேண்டியிருந்தது? பெண்ணுக்கு மட்டும் அந்தச் சாலையில் சுங்கச்சாவடி இருந்தது. கட்டணம் அவள் மேனி. அம்மையாரின் பேய் வடிவத்தை உடல்மீது அவருக்கிருந்த வெறுப்பாக விளக்குகிறவர்கள் இந்தச் சாவடியைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களின் கண்ணிலிருந்து தப்ப அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. உடம்பை அழித்துத்தான் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியும் என்றால் குற்றம் உடம்பினுடையது ஆகாது. சாப்பாட்டை விலக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்தத் துறவின் கதைகளை மட்டும் நாம் கொடுத்துக்கொண்டிருப்பது ஆபத்தும்கூட.

இன்னொரு வழியைத் திறந்தவர் இதே மண்ணில் வாழ்ந்திருக்கிறார். சோழ அரசின் நெருக்கடியில் காவியை மாற்றி வெள்ளை உடுத்தி ஸ்ரீரங்கத்தை விட்டு மேற்கே வந்த ராமானுஜர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வடக்கே தொண்டனூரிலும் மேல்கோட்டையிலுமாகத் தங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் என்பது குருபரம்பரை வழக்கு. அவருடைய ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டாம் அத்தியாயம், முதல் பாதம், ஒன்பதாம் சூத்திரத்தின் உரையில் ஒரு கேள்வி வருகிறது: எதை உடம்பு என்கிறோம்? உலகம் ஈசுவரனுக்கு உடம்பு என்று நிறுவ வேண்டியவர் அவர். ஆகவே உடம்பு என்ற சொல்லையே முதலில் திருத்தமாக வரையறுக்க வேண்டியிருந்தது. புலன்கள் குடியிருக்கும் இடம் உடம்பு, இன்ப துன்பத்துக்குக் காரணமானது உடம்பு என்றெல்லாம் பிறர் சொன்ன இலக்கணங்களை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். கல்லாகிக் கிடந்த அகலிகைக்குப் புலன் எங்கே, நுகர்ச்சி எங்கே? ஆனாலும் அது அவள் உடம்பில்லையா? பிறகு தன் இலக்கணத்தைச் சொல்கிறார். அறிவுள்ள ஓர் உயிர் தன் பொருட்டாக எதை முழுவதுமாக ஆளவும் தாங்கவும் முடியுமோ, எது அந்த உயிருக்கே உரியதாக இருப்பதைத் தன் இயல்பாகக் கொண்டதோ, அது அந்த உயிரின் உடம்பு. ஆளுதல், தாங்குதல், அதற்கே உரியதாயிருத்தல் ஆகிய மூன்றே. வடிவத்துக்கோ நிறத்துக்கோ அளவுக்கோ அந்த வரையறையில் இடமில்லை. பார்க்கிறவர் என்று ஒருவரும் அதில் இல்லை.

அகலிகை அங்கே உதாரணமாக வந்தது சாதாரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. புராணத்தில் பேரழகுக்குப் பெயர்போனவள் அவள். ஒருவன் அந்த அழகை ஆசைப்பட்டான், இன்னொருவன் அதற்காகவே சபித்தான். முகமும் கண்ணும் இல்லாத கல்லாகக் கிடந்தபோதும் அது அவளுடைய உடம்பே என்று ஒரு தத்துவ நூல், வாதத்தின் போக்கில், சொல்லிவிட்டுப் போகிறது. அழகிருந்தால்தான் உடம்பு அவளுடையது என்பதில்லை. அழகு போனாலும் அவள் உரிமை போவதில்லை. மேல்கோட்டையில் செலுவநாராயணன் என்று பெருமாளுக்குப் பெயர். கன்னடத்தில் செலுவ என்றால் அழகன். அழகை ஆராதித்த ஊருக்கு வாழ வந்த ஓர் ஆசாரியரின் வரையறையில் அழகு ஓர் இலக்கணமாகக்கூட இல்லை.

இதே ராமானுஜரைப் பற்றிய இன்னொரு கதையில் ஒரு பெண்ணின் கண் வருகிறது. உறையூரில் மல்லனாக இருந்த உறங்காவில்லி, ஸ்ரீரங்கத்தில் திருவிழாக் கூட்டத்தின் நடுவே மனைவி பொன்னாச்சிக்குக் குடை பிடித்து நடக்கிறான். வெயில் பட்டு அவள் கண் வாடிவிடக் கூடாதாம். ஊர் சிரிக்கிறது. இதைவிட அழகிய கண்ணைக் காட்டினால் என்ன செய்வாய் என்று ராமானுஜர் கேட்டு, ஸ்ரீரங்கத்து மூலவரான பெரிய பெருமாளின் கண்களைக் காட்டுகிறார். உறங்காவில்லி அன்றே அவர் சீடனாகிறான், பொன்னாச்சியும் சேர்கிறாள். மேடைதோறும் சொல்லப்படும் கதை. சொல்கிறவர்கள் எல்லாரும் அவன் பார்வை திரும்பியதையே வியக்கிறார்கள். தன் கண்களைப் பற்றி இத்தனை பேச்சு நடக்கும்போது பொன்னாச்சி என்ன நினைத்தாள் என்பதற்குக் கதையில் இடமில்லை. நேற்று வரை அவள் கண்ணுக்குக் குடை இருந்தது, இன்று அதைவிட அழகிய கண் கிடைத்துவிட்டது. இரண்டு நாளும் அவள் மதிப்பிடப்பட்டவளாகவே நிற்கிறாள். கதை இத்தோடு முடிந்திருந்தால் அதை நான் இங்கே எடுத்திருக்க மாட்டேன்.

தொடர்ச்சி ஒன்று உண்டு. அது குறைவாகவே சொல்லப்படுகிறது. சீடர்கள் சிலர் கிழிந்த துணிக்காகச் சண்டை போட்டுக்கொண்டதைப் பார்த்த ராமானுஜர், ஓர் இரவு உறங்காவில்லியைத் தன்னிடம் பேசிக்கொண்டிருக்க வைத்துவிட்டு, அவர் வீட்டில் தூங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றிவர அந்தச் சீடர்களிடம் சொல்கிறார். ஒரு பக்கத்து நகைகள் போகும்போது அவள் விழித்துக்கொள்கிறாள். வந்தவர்கள் வைணவர்கள் என்று தெரிந்து, மறுபக்கத்து நகைகளையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று திரும்பிப் படுக்கிறாள். அவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள். வீடு திரும்பிய கணவர் கடிந்துகொள்கிறார்: அசையாமல் கிடந்திருக்க வேண்டும், நான் கொடுக்கிறேன் என்ற எண்ணம் உனக்கு வந்ததே. மரபு இங்கே கணவரின் பக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடைக்குக் கீழே நடத்திச் செல்லப்பட்டவள், அழகுக்காகக் காக்கப்பட்டவள், இரண்டு கதைகளிலும் முதல் தடவையாகத் தன் உடம்பைத் தானே அசைத்த கணம் அது. யாரும் சொல்லவில்லை, தான் விழித்திருப்பது யாருக்கும் தெரியாது என்றே அவள் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தாள். தன் பொருட்டாகத் தன் உடம்பை ஆள்வது என்று ஸ்ரீபாஷ்யம் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் குருபரம்பரையில் எனக்குத் தெரியவில்லை. அகங்காரம் என்று கணவர் கண்டித்தது, ஆசாரியரின் வரையறைப்படி ஓர் உயிர் தன் உடம்பின்மீது செலுத்திய இயல்பான ஆளுகை. கண்மை பூசிய கண் இங்கே மூடியிருக்கிறது. அவளோ முழுமையாக இருக்கிறாள்.

பார்க்கிறவரின் நாற்காலியில் சந்தை மட்டும் உட்காரும் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்த்தோம் என்றாகும். 1996 நவம்பர் 23ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் உலக அழகிப் போட்டி நடந்தபோது கர்நாடகம் இரண்டுபட்டது. ஒரு பக்கம் அமிதாப் பச்சனின் நிறுவனமும் அழகுசாதன வியாபாரமும். மறுபக்கம் பெண்கள் அமைப்புகள், விவசாயிகள் சங்கம், பண்பாட்டுக் காவலர்கள் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பல குரல்கள். எதிர்ப்பின் சூட்டில் நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிர்விட்டார். எதிர்த்த பெண்கள் அமைப்புகளில் பெண்ணுடம்பு சரக்காகிறது என்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் தெருவில் உரத்து ஒலித்தது வேறொரு குரல்: நம் பண்பாட்டின் மானம் போகிறது. வியாபாரி அந்த உடம்பை விளம்பரத்துக்கு உரியது என்றான், காவலன் தேசத்துக்கு உரியது என்றான். மேடையில் நின்றவளுக்கு உரியது என்பதைச் சொல்ல அந்த இரைச்சலில் இடமில்லை. அலமேலம்மாளிடம் வந்த ஆட்களும் இப்படித்தான் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

பார்வை எவ்வளவு தவறாகப் படிக்கும் என்பதற்கும் மைசூரில் ஒரு சான்று உண்டு. திப்பு வீழ்ந்த பின் உடையார்கள் மீண்டும் அரியணை ஏறிய காலத்தில், 1805 வாக்கில், தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மூன்று பெண்களைப் பெரிய திரைச்சீலையில் வரைந்தார். ஒருத்தி சேலையை விலக்கித் தோளருகே கையைக் காட்டி நிற்கிறாள். இன்னொருத்தியின் மூக்குக்கும் வாய்க்கும் சுற்றிலும் தோல் நிறம் மாறியிருக்கிறது. நெடுங்காலம் இவர்களை நாட்டியக்காரிகள் அல்லது ஆசைநாயகியர் என்றே நினைத்தார்கள். இந்தியப் பெண் சேலையை விலக்கிக் காட்டுகிறாள் என்றால் வேறென்னவாக இருக்கும் என்பது அந்தக் கண்களின் தீர்ப்பு. வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் வேறு விதமாகப் படித்தார்: அவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள், இளைய ராணி தேவஜம்மணி அம்மை குத்திக்கொண்ட இடத்தைக் காட்டுகிறாள், மற்றவள் முகத்தில் இருப்பது, அம்மைப் பொருக்குப் பொடியை மூக்கில் ஏற்றும் பழைய முறையின் தடம். புதிய தடுப்பு முறையை மக்கள் ஏற்க வேண்டும் என்பதற்காக இரண்டு இளம்பெண்கள் தங்கள் தோலை, தழும்போடு, உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள். இந்த வாசிப்பு சரியானால், தடம் விழுந்த அந்த முகம் தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது, இருநூறு ஆண்டுகள் பார்த்தவர்கள் அதில் காமத்தை மட்டும் கண்டிருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது மரபுக்குள்ளிருந்தே வரும். ராமானுஜரின் தத்துவமான விசிஷ்டாத்வைதம் சேஷத்துவத்தைப் பேசுகிறது, அதாவது உரியவனுக்கு அடங்கியிருப்பதை. உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவுக்குக் கணவன்–மனைவி உறவை உவமையாக்கியதும் அதுவே. அந்த உவமை வீட்டுக்குள் இறங்கி வந்து மனைவி கணவனுக்குச் சேஷம் என்று ஆனதில்லையா? ஆனது. மறைக்க ஒன்றுமில்லை; பொன்னாச்சியைக் கணவர் கடிந்துகொண்ட குரலிலேயே அது கேட்கிறது. ஆனால் ஆசாரியர்கள் வகுத்த ஒன்பது உறவுகளின் பட்டியலை உற்றுப் பார்த்தால், உடல்–உயிர் உறவும் கணவன்–மனைவி உறவும் தனித்தனியாக எண்ணப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் கணவனாக நிற்பவன் இறைவன் ஒருவனே. மீசை வைத்த ஆண்களும் அங்கே மனைவிதான். ஒரு பெண்ணின் உடம்பு அவள் உயிருக்கு உடம்பு, அவள் உயிர் இறைவனுக்கு உடம்பு. இந்தச் சங்கிலியில் புருஷன் வீடு எங்கே வருகிறது? பெண் பார்க்க வந்து நிறத்தை எடை போடும் மாமியார், ஃபில்டர் போட்டு முகத்தை வழித்துக் கொடுக்கும் நிறுவனம், ‘என்னடி, வெயிட் போட்டுட்டே?’ என்று கேட்கும் தெரு, இவர்களில் யாருக்கும் அதில் ஒரு கண்ணிகூட இல்லை. மரபு தன் சொந்த வரையறைக்கு உண்மையாக இருக்கத் தவறியது. வரையறை தவறவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். உடம்பு அவளுக்கு உரியது என்றால் களிம்பு பூசுவதும் மூக்கைத் திருத்துவதும் பட்டினி கிடப்பதும் அவள் இஷ்டம்தானே? இஷ்டத்தைத் தடுக்க நான் வரவில்லை. தடுக்கிறவர்களே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். ஆனால் ராமானுஜர் ஆளுதலோடு தாங்குதலையும் வைத்தார். தாங்கும் திறனை அழிக்கிற ஆளுகை தன் கிளையைத் தானே வெட்டுகிறது. கண்ணூரில் இறந்துபோன பெண் தன் உடம்பை ஆண்டாள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவளை வேறொருவர் ஆண்டார். அவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது. தன் பொருட்டாக என்ற சொல்லும் வரையறையில் இருக்கிறது. இந்த ஆசை யார் பொருட்டு என்று ஒருத்தி தனிமையில் கேட்டுப் பார்க்கிற உரிமையை அந்தச் சொல் தருகிறது. விடையை அவளே சொல்லட்டும். உடல்நலத்துக்காக எடையைக் குறைப்பது இதில் சேராது. மருத்துவர் கேட்கும் கேள்வி வேறு, கண்ணாடி கேட்கும் கேள்வி வேறு.

கோயிலே அழகைக் கொண்டாடும் இடமாயிற்றே, தாயாருக்கு அத்தனை அலங்காரம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வடமொழியில் ‘அலம்’ என்றால் போதும் என்று பொருள். அலங்காரம் என்பது, சொல்லளவில், போதும் என்று நிறைவாக்குவது. அர்ச்சகர் ரங்கநாயகிக்கு மூக்குத்தி சாத்தும்போது தாயாரின் மூக்கைத் திருத்துவதில்லை. மேல்கோட்டைத் தாயாரோடு ஒப்பிட்டு அவர் மதிப்பெண் போடுவதுமில்லை. படுத்திருக்கும் ரங்கன் கறுப்பு. அவனை வெளுப்பாக்க எந்தப் பக்தருக்கும் தோன்றியதில்லை. சந்தை விற்பது அலங்காரம் இல்லை, திருத்தம். அதன் அகராதியில் போதும் என்ற சொல் கிடையாது. இருந்தால் அடுத்த டப்பா விற்காது. கறுத்த பெருமாளைச் சேவித்துவிட்டு வீட்டுக்கு வந்து மகளுக்குச் சிவப்பழகுக் களிம்பு வாங்கிக்கொடுக்கும் நாம், சந்நிதியில் கண்டதை வாசற்படியிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

ஆத்மா, ஈசுவரன் இதெல்லாம் வேண்டாம் என்கிறவர்களிடமும் இந்த விவாதம் அன்னியமானதில்லை. பெண்கள் அலங்காரப் பொம்மைகளாக இருப்பதை விட்டு, நகையைக் கழற்றி, கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னார். கடவுளை மறுத்தவரும் இறைவனே உடையவன் என்றவரும் ஒரே நாற்காலியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பெரியாரோடு எனக்குள்ள வேறுபாடு சிறியது: கழற்றுவதை மட்டும் விடுதலையின் அடையாளமாக்கினால் சுங்கச்சாவடி வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். இந்த இடத்தில் ஆண்டாள் எனக்குத் துணை. திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் ஆயர்பாடிப் பெண்பிள்ளைகள் நோன்புக்காக மையும் பூவும் வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். இருபத்தேழாம் பாட்டில் வளையும் தோடும் புத்தாடையும் கேட்டு அணிகிறார்கள். விடுவதும் அவர்கள் முடிவு, அணிவதும் அவர்கள் முடிவு. ஒருத்தியை விட இன்னொருத்தி அழகு என்ற பேச்சு அந்த முப்பது பாட்டில் எங்கும் இல்லை. அம்மையாரைப் போல மேனியை எரிக்கவும் வேண்டாம், அழகிப் போட்டியில் செய்வதுபோல அதை நிறுத்தி அளக்கவும் வேண்டாம். விளையாட்டுப்போலக் கூட்டமாகக் கிளம்பி, தங்கள் உடம்போடு தாங்கள் சிநேகமாக இருக்கிற பெண்கள் அவர்கள்.

மார்கழி பிறந்தால் ஊர்தோறும் உபன்யாசம் நடக்கிறது. பனியில் பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். உபன்யாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உறங்காவில்லியின் குடையைச் சொல்லும்போது அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். பொன்னாச்சி திரும்பிப் படுத்த இரவையும் சொல்லுங்கள். அவளைக் கடிந்தது சரிதானா என்று கேட்பவர்களையே யோசிக்கவிடுங்கள். ஸ்ரீபாஷ்யத்தின் அந்த ஒன்பதாம் சூத்திரத்தை உரைத் தமிழில், கல்லாய்க் கிடந்த அகலிகையோடு சேர்த்து, முன்வரிசையில் இருக்கிற பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். பெற்றவர்களிடம் இன்னும் சின்ன வேண்டுகோள்: வரன் பார்க்கும் தாளில் நிறம் என்று ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.